மூன்று இடத்தில் கேட்டவர்

நெளுக்குளம் சந்தியில் நான் கொமினிகேசன், அதாவது வெளிநாட்டு அழைப்பு எடுக்கிற ரெலிபோன் கடை, வைத்திருந்த காலத்தில், வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர்கள் பெட்டியைக் கொண்டுவந்து என் கடை வாசலில் வைத்துவிட்டுக் காத்து நிற்பார்கள். எனக்காக இல்லை. செவ்வாய்க்கிழமைகளில் என் கடை வாங்கில் வந்து குந்தியிருக்கும் அன்ரிக்காக.

அன்ரி அவசரமில்லாமல் எழும்பி வருவார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியின் கைபிடியைப் பிடித்து நிலத்திலிருந்து ஒரு சாண் தூக்குவார். தூக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்.

"இருபத்திமூண்டரை," என்பார். "மூண்டரைக் கிலோவுக்கு ஓவர் வெயிற் கட்டப்போறியோ, இல்லாட்டி மிளகாய்த்தூளில பாதியை இஞ்சை விட்டிட்டுப் போறியோ?"

நம்பாதவர்கள் எதிரே இருந்த அரிசி ஆலைத் தராசில் வைத்துப் பார்ப்பார்கள். கால் கிலோ முன்பின் இருக்கும், அவ்வளவுதான். அன்ரி இருபத்தாறு வருசம் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசியும் சீனியும் நிறுத்துக் கொடுத்தவர். கை பழகிவிட்டது.

அவர் ஒருநாளும் பிளேனில் ஏறியதில்லை. ஏறியவர்களுக்கு அவரளவு தெரியவும் தெரியாது.

எந்தப் பிளேன் இருபது கிலோ விடும், எது முப்பது விடும், எதில் இடையில் இறங்கி எட்டு மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டும், எதில் மரக்கறிச் சாப்பாடு முன்கூட்டிச் சொன்னால்தான் வரும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அரபுக்காரனின் பிளேன் மலிவு, ஆனால் பெட்டி இரண்டு நாள் பிந்தி வரும் என்பார். ஐரோப்பாக்காரனின் பிளேனில் ஒரே இழுவையில் போய்ச் சேரலாம், ஆனால் அந்த விலைக்கு ஒரு ஏக்கர் விதைக்கலாம் என்பார். தங்கச்சியை ஜேர்மனிக்கு அனுப்புகிறவர்களும், மகளைப் பிரான்ஸில் கட்டிக்கொடுக்கிறவர்களும் கொழும்பில் ஏஜென்சியைக் கேட்பதற்கு முன்னால் இவரைக் கேட்டார்கள். ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கியதில்லை. ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தால் குடிப்பார். அதுவும் எந்தக் கடைத் தேத்தண்ணி என்று கேட்டுவிட்டுத்தான்.

இந்தக் கேட்கிற குணம்தான் அன்ரி. அதை விட்டுவிட்டு அவரைப் பற்றி என்ன எழுதினாலும் அது வேறு யாரோ ஒருவராக இருக்கும். எதையும் ஒரு இடத்தில் கேட்டு வாங்கமாட்டார். தக்காளிக்கு மூன்று கடை, செருப்புத் தைக்க மூன்று ஆள். ஒருமுறை நாங்கள் இரண்டு பேரும் வவுனியா ரவுனுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றோம். முதல் வந்த மினிபஸ்ஸை விட்டார். இரண்டாவதையும் விட்டார்.

"ஏன் அன்ரி?"

"சீ.ரீ.பி பஸ் வரும், அரசாங்க பஸ். ஒரு ரூபா குறைவு."

"ஒரு ரூபாய்க்கு முக்கால் மணித்தியாலம் வெய்யிலில நிக்கிறதோ?"

"வெய்யில் சும்மாதானே பிள்ளை," என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அன்றைக்கு ரவுன் வரைக்கும் அவரை ஏசிக்கொண்டே போனேன். அன்ரி யன்னல் பக்கம் இருந்து சிரித்துக்கொண்டு வந்தார்.

வெளிநாட்டிலிருந்து யாராவது ஊருக்கு வந்தால், முதல் நாளே அன்ரி போய் நிற்பார். கொண்டுவந்த சொக்கிளேற்றுக்காக என்று சிலர் நினைத்தார்கள். அவர் கேட்பது வேறு. சுவிஸிலிருந்து வந்த ஒரு பெடியனை என் கடையில் வைத்து ஒரு மணித்தியாலம் விசாரித்தார்.

"இடையில இறங்கின எயார்போட்டில தண்ணி சும்மாவோ, காசோ?"

"குழாய் இருக்கு, சும்மா குடிக்கலாம் அன்ரி."

"எந்தப் பக்கம்?"

"இறங்கி நடந்து வர... வலப்பக்கம். கக்கூசுக்குப் பக்கத்தில."

"கதிரையில கைபிடி இருக்கோ? சரிஞ்சு படுக்கலாமோ?"

"கைபிடி இருக்கு. ஆனால் மூலையில ஒரு வாங்கு இருக்கு, அதில படுக்கலாம். கண்ணாடிக்குப் பக்கத்தில."

"குளிருமோ?"

அவன் பாவம், சலிக்காமல் சொன்னான். அன்ரி இதையெல்லாம் ஊருக்குச் சொல்லத்தான் சேர்க்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் விளங்கியது, அவர் தனக்காகவும் சேர்த்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு ஒரே மகன். புருசன் முன்னமே இறந்துவிட்டார். தொண்ணூறின் தொடக்கத்தில், பெடியனுக்குப் பத்தொன்பது வயதாகும்போது, வீட்டுக்காணியை விற்று ஏஜென்சிக்காரனுக்குக் கொடுத்து அனுப்பிவைத்தார். அந்த ஒரு தடவைதான் மூன்று இடத்தில் கேட்காமல் முதல் கேட்ட விலையைக் கொடுத்தவர். சண்டை நெருங்கிக்கொண்டிருந்தது, கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. பெடியன் எங்கெங்கோ நின்று, கடைசியில் ரொறன்ரோவில் கால் வைத்தான். அகதி என்று எழுதிக் கொடுத்தவனால் திரும்பி ஊருக்கு வரமுடியாது. அன்ரிதான் போகவேண்டும். போய் ஒருதரம் அவனைக் கண்ணால் பார்க்கவேண்டும். அவருக்கு வேறு ஆசையே இருக்கவில்லை.

அவன் செவ்வாய்க்கிழமைகளில் என் கடைக்கு ரெலிபோன் எடுப்பான். அன்ரிக்குக் காது கொஞ்சம் மந்தம். அதனால் ரெலிபோனில் சத்தமாகக் கேட்கிற ஸ்பீக்கரைப் போட்டுவிடுவேன். அவர்கள் கதைத்ததெல்லாம் எனக்குத் தெரியும். என் கடைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும்.

"அம்மா, இஞ்சை காட் ஒண்டு தருவினம்," என்றான் ஒருநாள். "அதால சாமான் வாங்க வாங்கப் புள்ளி சேரும். சேர்ந்தால் பிளேன் டிக்கெற் சும்மா எடுக்கலாம்."

"சும்மா ஆர் ராசா தருவான்?"

"தாறாங்கள் அம்மா."

"எத்தினை பேர் உந்தக் காட் வைச்சிருக்கிறாங்கள்?"

"கன பேங்க் இருக்கு."

"அப்ப மூண்டு பேங்கில கேள்."

கேட்டான். கிரெடிட் காட் என்ற ஒன்றைக் கண்ணால் காணாத அந்த மனிசி, நெளுக்குளத்து வாங்கில் இருந்துகொண்டு, கனடாவில் இருக்கிற மகனுக்குக் காட் தெரிவுசெய்து கொடுத்தார். முதலாவது காட்டில் புள்ளி அதிகம், ஆனால் வருசாவருசம் கட்டணம். இரண்டாவதில் கட்டணம் இல்லை, புள்ளி பாதி. மூன்றாவதில் சேர்ந்தவுடனேயே ஒரு குவியல் புள்ளி, ஆனால் அந்தப் புள்ளி செல்லுகிற பிளேன் ஒன்றும் எங்கள் பக்கம் வராது.

"மூண்டாவது எங்களை ஏமாத்திறதுக்கு," என்றார் அன்ரி. "இரண்டாவதை எடு. புள்ளி மெல்ல மெல்லச் சேரட்டும். மாசக் கடைசியில ஒரு சதம் மிச்சம் வையாமல் கட்டிப்போடு. மிச்சம் வைச்சியெண்டால் அவன் வட்டியில புள்ளியையும் சேர்த்துத் திண்டுபோடுவான்."

மகனோடு அறையில் இன்னும் நாலு பெடியள் இருந்தார்கள். எல்லாருடைய அரிசி, பால், கோழி எல்லாவற்றையும் இவன் தன் காட்டில் வாங்கி, அவர்களிடம் காசை வாங்கிக்கொண்டான். அதுவும் அன்ரியின் யோசனைதான். "ஐஞ்சு பெடியள் சாப்பிடுற சாப்பாட்டில நான் பறக்கப்போறன் பிள்ளை," என்று என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மகன் எட்டாம் வகுப்பில் படித்த அற்லஸ் ஒன்றை அன்ரி பத்திரமாக வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் அதையும் கொண்டு வருவார். முழுப் புள்ளியும் சேர்ந்தால் ரொறன்ரோ, பாதி சேர்ந்தால் பாதி வழி என்று ஒரு கணக்கு. ரெலிபோனை எடுத்தவுடன் சுகம் விசாரிப்பதற்கு முன்னால் கேட்பார்.

"இப்ப நான் எங்கை நிக்கிறன்?"

"அரபிக் கடலுக்கு மேல அம்மா. கீழ பாக்காதேங்கோ, தலை சுத்தும்."

அன்ரி அற்லஸில் பென்சிலால் ஒரு பொட்டு வைப்பார். சில கிழமைகளில் பொட்டு அசையாது. "பெடியள் இந்தக் கிழமை சரியாச் சாப்பிடேல்லைப் போல," என்பார். தைப்பொங்கல், வருசப் பிறப்பு வந்தால் பொட்டு ஒரே எட்டில் ஒரு நாட்டைத் தாண்டும். இரண்டு வருசத்தில் துருக்கி கடந்து ஐரோப்பாவுக்குள் போய்விட்டார்.

அடுத்த வருசம், பொட்டு அத்திலாந்திக் கடலுக்கு வந்தபோது, தாயைக் கூப்பிட மகன் போட்ட ஸ்பொன்சர் சரிவந்தது. அன்ரி பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போய் மெடிக்கல் செய்து, பாஸ்போட்டில் விசாவும் குத்திக்கொண்டு வந்தார். அப்போது வவுனியாவிலிருந்து கொழும்புக்குப் போக ஆமிக்காரரின் பாஸ் வேண்டும், அது இல்லாமல் ரயிலில் ஏறமுடியாது. விசாவில் ஒரு தேதி இருந்தது. மாசி முடிவதற்குள் கனடாவில் இறங்கியிருக்க வேண்டும். அப்போது ஐப்பசி.

அந்தச் செவ்வாய்க்கிழமை மகன் குரல் பதறியது. "அம்மா, புள்ளி இன்னும் கொஞ்சம் குறையுது. அது கிடக்கட்டும். நான் காசு கட்டி டிக்கெற் போடுறன். வாற கிழமையே வாங்கோ."

"விசர்க் கதை கதையாதை. இப்ப சீசன். தை கழிய விட்டால் பிளேன்காரன் குறைஞ்ச புள்ளிக்கே டிக்கெற் தருவான். அதுக்கிடையில உனக்குப் புள்ளியும் சேர்ந்திடும். இவ்வளவு காலம் சேர்த்ததை வீணாக்கிறதோ?"

"எனக்குக் காசு பெரிசில்லை அம்மா."

"எனக்குப் பெரிசு. நீ கோப்பை கழுவின காசு."

பிறகு, "அக்கா நிக்கிறாவோ? அக்கா, நீங்களாவது சொல்லுங்கோ," என்றான்.

அன்ரியும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ சொல்லு பிள்ளை."

நான் சொன்னதை இன்றைக்கு எழுதவும் கை கூசுகிறது. "மூண்டு மாசம்தானே தம்பி," என்றேன். "அன்ரி சொல்லுறது சரிதானே. பொறுங்கோ."

சரி என்று நினைத்துச் சொல்லவில்லை. நாங்கள் தர்மபுரத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள். என் புருசன் வேலைக்கு மன்னாரில் நின்றார், மாதம் ஒருதரம் வருவார். எனக்கென்று அந்த ஊரில் இருந்தது அன்ரியின் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். அவர் போய்விட்டால் அந்த வாங்கு வெறுமையாகிவிடும். எனக்கு இன்னும் மூன்று மாதம் வேண்டியிருந்தது. அதனால் பொறுங்கோ என்று சொன்னேன்.

மார்கழியில் புள்ளி நிறைந்துவிட்டது. தை பிறந்ததும் மகன் டிக்கெற் போட்டான். மாசி மூன்றாம் கிழமைக்கு. புள்ளி செல்லுகிற மூன்று பிளேன்களில் எது என்பதை அன்ரிதான் சொன்னார். எட்டு மணித்தியாலம் இடையில் நிற்கிற பிளேன். அதற்குத்தான் எல்லாவற்றிலும் குறைந்த புள்ளி.

"எட்டு மணித்தியாலமும் என்ன செய்வியள்?"

"வலப்பக்கம் தண்ணி இருக்கு. கண்ணாடிக்குப் பக்கத்தில வாங்கு இருக்கு. வேறென்ன வேணும்?"

பெட்டி அடுக்கினார். மிளகாய்த்தூள், ஒடியல் மா, பயற்றம்மா, மகனுக்கு இரண்டு சாரம், தனக்கு மூன்று சேலை, பித்தளைக் குத்துவிளக்கு, அற்லஸ். அரிசி ஆலைத் தராசில் தூக்கி வைத்தோம். முள் இருபதில் நின்றது. ஒரு கிராம் கூடவில்லை, ஒரு கிராம் குறையவில்லை. ஆலைக்காரர் கைதட்டினார்.

மாசி பிறந்த முதற் கிழமையில் ரவுனுக்குள் ஒரு சம்பவம் நடந்தது. அந்தக் காலத்தில் சம்பவங்களுக்குக் குறைவில்லை. பாஸ் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ரயிலும் நின்றது. நாளைக்குத் திறக்கும், நாளண்டைக்குத் திறக்கும் என்றார்கள். அன்ரி ஒவ்வொரு நாளும் விடியப் போய்ப் பாஸ் கந்தோர் வரிசையில் நின்றார். சில நாள் நானும் கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனேன். விசாவைக் காட்டினோம், டிக்கெற்றைக் காட்டினோம். அந்த யன்னலில் இருந்தவர் தலையை மட்டும் ஆட்டினார்.

"வேறை எங்கையும் கேக்கலாமோ பிள்ளை?" என்று அன்ரி என்னிடம் கேட்டார்.

பாஸுக்கு மூன்று இடம் இருக்கவில்லை. அந்த ஒரு யன்னல்தான் இருந்தது.

பாஸ் திரும்பக் கொடுக்கத் தொடங்கியபோது பங்குனி. டிக்கெற் நாள் போய், விசாவின் நாளும் போயிருந்தது. பிளேன்காரன் புள்ளியைத் திருப்பிக் காட்டில் போட்டுவிட்டான். "பார், ஒரு புள்ளியும் வீண்போகேல்லை," என்று அன்ரி மகனுக்குச் சொன்னார். ஸ்பீக்கரில் அவன் அழுகிற சத்தம் கேட்டது. கடையில் நின்ற இரண்டு பேர் காசை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்கள்.

திரும்பவும் விசாவுக்குத் திரும்பவும் மெடிக்கல். இந்தமுறை நெஞ்சுப் படத்தில் ஒரு கறுப்பு விழுந்திருந்தது. அன்ரி மூன்று டொக்டர்களிடம் போனார். கொழும்பில் இரண்டு பேர், வவுனியாவில் ஒருவர். வந்து வாங்கில் இருந்தார்.

"மூண்டு பேரும் ஒண்டைத்தான் சொல்லுகினம் பிள்ளை," என்றார். நான் என்னவென்று கேட்கவில்லை.

ஆவணியில் ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கே ரெலிபோன் இல்லை. செவ்வாய்க்கிழமை மகன் என் கடைக்கு எடுத்துச் சொல்வதை நான் சைக்கிளில் கொண்டுபோய்ச் சொல்வேன். கடைசிச் செவ்வாய்க்கிழமை அன்ரியின் குரல் நன்றாக இறங்கியிருந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"என்னவாம்? நான் எங்கை நிக்கிறனாம்?"

"அத்திலாந்திக் தாண்டியாச்சாம் அன்ரி. இறங்கப் போறியளாம்."

"இறங்கேக்கை காது அடைக்குமாம். இனிப்புச் சூப்ப வேணும்."

ஆஸ்பத்திரி வாசல் கடையில் ஒரு ரொபி வாங்கிக்கொண்டு வந்து வாயில் வைத்தேன். கொஞ்சம் சூப்பினார். "இது எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். "விலை கூட," என்றார்.

வெள்ளிக்கிழமை காலமை போய்விட்டார். மகனிடம் அகதிக் கடுதாசி இருந்தது, பாஸ்போட் இருக்கவில்லை. சொந்தத்தில் பெறாமகன் முறையான ஒருவர்தான் கொள்ளி வைத்தார். நான் பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வேறு யாரும் அதைக் கேட்கவில்லை.

இரண்டாயிரத்தொன்றின் தொடக்கத்தில் ஒருநாள் மத்தியானம், முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கடைக்கு வந்து வாங்குக்கு முன்னால் நின்றார். இருக்கவில்லை, பார்த்துக்கொண்டே நின்றார். குரல் கேட்டதும்தான் ஆளைத் தெரிந்தது. நான் ஐந்து வருசம் கேட்ட குரல். கனடாப் பாஸ்போட் கிடைத்துவிட்டதாம். தோளில் ஒரு சின்னப் பை மட்டும் தொங்கியது.

"புள்ளியிலதான் வந்தனான் அக்கா. அம்மா சொன்ன பிளேன். எட்டு மணித்தியாலம் நிண்டது." பையைத் தோளிலிருந்து இறக்கி வாங்கில் வைத்துவிட்டுச் சொன்னான். "குழாய் வலப்பக்கம்தான். கண்ணாடிக்குப் பக்கத்தில வாங்கும் இருக்கு. எட்டு மணித்தியாலமும் அதிலதான் இருந்தனான்."

நான் அழுதேன். அழுதுகொண்டே, அன்றைக்கு நான் ஏன் பொறுங்கோ என்று சொன்னேன் என்பதை முழுதாகச் சொன்னேன். அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"நீங்கள் சொல்லாட்டிலும் அவா பொறுத்திருப்பா அக்கா. உங்களுக்கு அவாவைத் தெரியாதோ?"

அவன் நல்ல பெடியன், அதனால் அப்படிச் சொன்னான். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வீட்டிலிருந்து பெட்டியைக் கொண்டுவந்து வைத்தேன். கெட்டுப்போன தூளையும் மாவையும் எப்போதோ கொட்டிவிட்டேன் என்று சொன்னேன். அவன் கைபிடியைப் பிடித்து நிலத்திலிருந்து ஒரு சாண் தூக்கினான். எத்தனை கிலோ என்று அவனுக்குக் கை சொல்லவில்லை. அரிசி ஆலைக்குக் கொண்டுபோனோம். பதினாறு.

"உம்மடை சாமானையும் இதுக்குள்ள வையுமன் தம்பி," என்றேன். "நாலு கிலோ இடமிருக்கு."

"எனக்குக் கைப்பை போதும் அக்கா. அதுக்குத்தான் வேறை ஒண்டும் கொண்டரேல்லை. இருபது கிலோவும் அம்மாவுக்கு." பிறகு தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நாலு கிலோவைச் சும்மா விட்டிட்டுப் போனால் அவா ஏசுவா."

அவனை ஆலை வாசலில் இருக்கச் சொல்லிவிட்டு, மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் வாங்கச் சந்திக்குப் போனேன். முதற் கடையிலேயே இரண்டும் இருந்தன, நல்ல தூள். விலை கேட்டேன். காசை எடுக்கக் கை போனது. பிறகு காசைத் திரும்ப முடிந்துகொண்டு இரண்டாவது கடைக்குப் போனேன். அங்கேயும் கேட்டுவிட்டு, வெய்யிலில் றோட்டைக் கடந்து மூன்றாவது கடைக்குப் போனேன்.

மூன்றாவது கடையில் கிலோவுக்கு இரண்டு ரூபா குறைவு. அன்ரிக்குச் சொல்லவேண்டும் போல இருந்தது.